மரக்கறிப் பாத்திக்கு எந்த இடம்?

(மன்னாரில் நடைபெற்ற குடும்ப ஒன்றுகூடலில், மலையகத்திலிருந்து வந்த அங்கத்தவர்களுக்கும் மன்னார்ப் பெருநிலப் பகுதியில் வாழும் மலையக வம்சாவளிக் குடும்பங்களுக்கும் எமது சங்க அமைப்பாளரும் தோட்டப் பாடசாலை ஆசிரியருமான தோழர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



நாம் கூடியிருக்கும் இந்தக் கரை நமக்குப் புதியதல்ல. கோப்பிக் காலத்தில் நம்முடைய பாட்டன் பூட்டன் இராமநாதபுரம் கரையில் தோணி ஏறி மன்னார்க் கரையில் இறங்கினார்கள். இங்கிருந்து காட்டு வழியாக மாத்தளை வரை நடந்தார்கள். 1914இல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் கப்பல் ஓடத் தொடங்கியது. 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு திருப்பி அனுப்பப்பட்டவர்களும் இதே தலைமன்னாரில்தான் கப்பல் ஏறினார்கள். 1977இலும் 1983இலும் அடிபட்டு மலையை விட்டு வந்தவர்களில் பலர் மன்னார், வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் குடியேறினார்கள். 2023 ஜூலை 28ஆம் திகதி 200 வருட நினைவு நடை தலைமன்னாரில் தொடங்கி, ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் முடிந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும்.

இத்தனை வரவிலும் போக்கிலும் ஒரு விஷயம் மாறவில்லை. நம்முடைய வீடு எங்கே இருக்க வேண்டும் என்று தீர்மானித்தது நாமல்ல. ஸ்டோருக்குப் பக்கம், பெரட்டுக்கு வசதி, கொழுந்து வராத சரிவு என்று பார்த்து லயத்தைக் கட்டினார்கள். வெயில் விழுமா, தண்ணீர் தேங்குமா என்று நம்மிடம் யாரும் கேட்கவில்லை. அதனால் நாலு பாத்தி மரக்கறி போட இடம் பார்ப்பது சின்ன விஷயம் போலத் தெரிந்தாலும், நாமே நிலத்தைப் பார்த்து, யோசித்து, இதுதான் இடம் என்று முடிவெடுக்கும் வேலை அது. அந்த வேலையைச் சரியாகச் செய்வது எப்படி என்பதைத்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

ஏன் இப்போது இந்தப் பேச்சு?

2016ஆம் ஆண்டு குடித்தொகை, சுகாதார ஆய்வு சொன்னதைக் கேளுங்கள். நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 100க்கு 17 பேர் வயதுக்கேற்ற வளர்த்தி இல்லாதவர்கள். தோட்டப் பகுதியில் மட்டும் பார்த்தால் 100க்கு ஏறக்குறைய 32 பேர். அதற்குப் பிறகு 2022 நெருக்கடி வந்தது. அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டியின்படி உணவு விலை ஒரு வருடத்துக்குள் 94.9 வீதம் ஏறியிருந்தது. தேயிலைத் தொழிலாளியின் நாட்சம்பளமோ 2021 மார்ச்சில் வர்த்தமானியில் போட்ட 1,000 ரூபாயிலேயே நின்றது. பானையில் முதலில் குறைந்தது மீனும் முட்டையும். அதற்கடுத்தது மரக்கறி.

அதே 2022 ஜூனில், வீட்டுத்தோட்டம் செய்யுங்கள் என்று அரசாங்க ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுக்கத் தீர்மானித்தார்கள். கொழுந்து பறிக்கும் அம்மாவுக்கு அந்த வெள்ளிக்கிழமை கிடைக்கவில்லை. அவளுக்கு இருப்பது ஞாயிற்றுக்கிழமையும், வேலை விட்டு வந்த பிறகு இருட்டும் வரையுள்ள கொஞ்ச நேரமும்தான். அவ்வளவு குறைந்த நேரத்தை வைத்திருப்பவர்கள் பிழையான இடத்தில் பாடுபட முடியாது. இடம் பிழைத்தால் விதையும் உரமும் முதுகும் வீண். ஆகவே மண்வெட்டியைத் தொடுவதற்கு முதல் ஒரு ஞாயிறு முழுக்க நிலத்தைப் பாருங்கள்.

முதலில் வெயில்

கத்தரி, தக்காளி, வெண்டி, மிளகாய், போஞ்சி, பயற்றங்காய் போன்ற காய்க்கிற செடிகளுக்கு நாளுக்கு ஆறு மணித்தியாலமாவது நேர் வெயில் வேண்டும். கீரை, பொன்னாங்காணி, வல்லாரைக்கு மூன்று நாலு மணித்தியாலம் போதும். இதைக் கண் மதிப்பில் சொல்ல முடியாது. நான்கு குச்சியை நினைத்த இடத்தின் நான்கு மூலையில் நட்டு, காலை எட்டு மணி, பத்து மணி, பன்னிரண்டு, இரண்டு, நான்கு என்று ஐந்து தரம் பார்த்து, வெயிலா நிழலா என்று ஒரு கொப்பித் தாளில் எழுதுங்கள். பிள்ளைகளிடம் கொடுத்தால் சந்தோஷமாகச் செய்வார்கள். எங்கள் பாடசாலையில் இது கணிதப் பாடத்துக்கும் சுற்றாடல் பாடத்துக்கும் ஒரே நேரத்தில் உதவுகிற வேலை.

மலையில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மத்தியானத்துக்குப் பிறகு முகில் மூடி மழை இறங்கும் நாட்கள் அதிகம். காலை வெயில்தான் நம்பக்கூடிய வெயில். எனவே கிழக்குப் பார்த்த பக்கம் இருந்தால் அதை எடுங்கள். பள்ளத்தின் அடி வேண்டாம். அங்கே வெயில் பிந்தி வரும், பனி பிந்திப் போகும், நுவரெலியாப் பக்கம் ஜனவரி, பெப்ரவரியில் உறைபனியும் அங்கேதான் முதலில் விழும்.

மன்னாரில் இருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. இங்கே பெரும்போகம் ஒக்டோபர் மழையோடு தொடங்குகிறது. அந்த மாதங்களில் சூரியன் தெற்குப் பக்கம் சாய்ந்து போகும். வீட்டின் வடக்குப் பக்கத்தில் சுவர் நிழல் விழும், தெற்குப் பக்கம் திறந்திருக்கும். ஏப்ரல் நடுவிலிருந்து ஓகஸ்ட் வரை சூரியன் தலைக்கு மேலேயும் கொஞ்சம் வடக்காகவும் போகும். அப்போது வெயில் போதாது என்ற கவலை இல்லை, வெயில் சுடுகிறது என்பதுதான் கவலை. மேற்குப் பக்கத்தில் ஒரு முருங்கையோ இரண்டு பனையோ நின்று பின்னேர வெயிலை மறைத்தால் பாத்தி பிழைக்கும்.

தண்ணீர்: தூரத்தையும் ருசியையும் பாருங்கள்

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். பத்தடி நீளம், மூன்றரை அடி அகலத்தில் நாலு பாத்தி என்று வையுங்கள். மொத்தம் 140 சதுர அடி, அதாவது 13 சதுர மீற்றர். மழை இல்லாத நாளில் ஒரு சதுர மீற்றருக்குச் சுமார் 5 லீற்றர் தண்ணீர் வேண்டும். 65 லீற்றர் வருகிறது. பத்து லீற்றர் வாளி என்றால் ஏழு நடை. பீலியோ கிணறோ 100 மீற்றர் தள்ளி இருந்தால் போக வர 1,400 மீற்றர். அதில் பாதித் தூரம் தண்ணீர் நிறைந்த வாளியோடு. அதை நடக்கப் போவது யார்? நாள் முழுக்கக் கொழுந்துக் கூடையோடு மலை ஏறி இறங்கிய அதே அம்மா. நல்ல மண் தூரத்தில் இருந்து, சுமாரான மண் குழாய்க்குப் பக்கத்தில் இருந்தால், சுமாரான மண்ணையே எடுங்கள். மண்ணைத் திருத்தலாம், தூரத்தைத் திருத்த முடியாது. ஐயாமாருக்கும் ஒன்று சொல்கிறேன். இந்த ஏழு நடையில் நாலு உங்களுடையது.

குளிக்கும், பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடும் கானுக்குப் பக்கத்தில் இடம் இருந்தால் அந்தத் தண்ணீரை வாழைக்கும் முருங்கைக்கும் திருப்பலாம். பச்சையாகச் சாப்பிடும் கீரைக்கு வேண்டாம். மலசலகூடக் குழிக்குக் கீழே, அதன் ஊற்று வடியும் பக்கத்தில், எந்த மரக்கறியும் போட வேண்டாம்.

மன்னார்த் தீவில் தண்ணீரைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும். தீவின் மணலுக்குள் இறங்கும் மழைநீர், அடியில் இருக்கும் கடல் நீருக்கு மேல் ஒரு வில்லை போல மிதந்து நிற்கிறது. நல்ல தண்ணீர் பாரம் குறைந்தது, உப்புத் தண்ணீர் பாரம் கூடியது. ஆழக் கிணறு தோண்டி மோட்டர் போட்டு இறைத்தால் நல்ல தண்ணீர் குறையும், உப்பு மேலே ஏறும். நல்ல தண்ணீரின் மேல்மட்டம் ஓர் அடி இறங்கினால், அடியில் உப்பு நீர் நாற்பது அடி வரை ஏற இடமுண்டு என்பது நிலத்தடி நீர் படித்தவர்கள் சொல்லும் கணக்கு. அதனால்தான் இங்கே பழைய ஆட்கள் ஆழமில்லாத கிணற்றில் வாளியால் அளவாக அள்ளினார்கள். மன்னார் மக்கள் இல்மனைட்டுக்காக மணலை அள்ளக் கூடாது என்று போராடுவதையும் இந்தக் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். இங்கே மணல்தான் தண்ணீர்த் தொட்டி.

இடம் தெரியும்போது கிணற்றுத் தண்ணீரை மாரியில் ஒரு தரம், ஓகஸ்ட்டில் ஒரு தரம் ருசித்துப் பாருங்கள். ஓகஸ்ட்டில் உப்புக் கரித்தால் அந்தத் தண்ணீரில் போஞ்சி வராது. உப்பை மிகக் குறைவாகத் தாங்கும் பயிர் அது. பீட்ரூட் நல்லாகத் தாங்கும். நிலத்திலும் அடையாளம் இருக்கிறது. உமரி தானாக முளைத்து நிற்கிற இடம் உப்பு நிலம். கோரை அடர்த்தியாக நிற்கிற இடத்தில் தண்ணீர் தேங்கும். செடிகள் ஏற்கெனவே சோதித்துச் சொன்னதை நாம் மறுபடி செலவழித்துச் சோதிக்கத் தேவையில்லை.

மண்: ஊருக்கு ஊர் வேறு

ஒரு கண்ணாடிப் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு மண்ணைப் போட்டு, தண்ணீர் நிரப்பி, நல்லாகக் குலுக்கி ஒரு நாள் வையுங்கள். அடியில் மணல், நடுவில் வண்டல், மேலே களி என்று படிந்து நிற்கும். எது கூட, எது குறைவு என்று பிள்ளைக்கும் தெரியும். அடுத்து, ஓரடிக் குழி வெட்டித் தண்ணீர் ஊற்றுங்கள். அது வடிந்த பிறகு இரண்டாம் தரம் ஊற்றிப் பாருங்கள். நிமிடக் கணக்கில் காணாமல் போனால் மணல். அடுத்த நாளும் நின்றால் வேர் அழுகும் இடம்.

தீவில் மணல். முருங்கன் பக்கம் கறுத்த களிமண். மழையில் பசை போல ஒட்டும், கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். மலையில் செம்மண், பல இடத்தில் மேல்மண் கழுவிப் போன செம்மண். மூன்றுக்கும் ஒரே புத்திமதி சரிவராது.

மணலில் பாத்தியை நிலமட்டத்தை விடத் தாழ்த்திப் போடுங்கள். அரை அடி தாழ்ந்த பாத்தி தண்ணீரையும் ஈரத்தையும் பிடித்து வைக்கும், காற்றும் குறைவாகப் படும். அடியில் பனையோலையும் தென்னந்தும்பும் மாட்டெருவும் புதையுங்கள். மலையிலும் முருங்கன் களியிலும் இதற்கு நேர்மாறு. பாத்தியை உயர்த்த வேண்டும். மலையில் சரிவுக்குக் குறுக்கே, மட்டம் பார்த்துப் பாத்தி போட்டு, மேல்பக்கம் ஒரு கான் வெட்டி வரும் தண்ணீரை ஓரமாகத் திருப்புங்கள். தேயிலை மலையில் கான் வெட்டிய கைக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. சரிவோடு நீளமாகப் பாத்தி போட்டால் ஒரு மழைக்கு மண் கீழே ஆற்றில்.

இன்னொரு வித்தியாசம். தேயிலை புளித்த மண்ணில் வளரும் செடி. பன்னச் செடி தானாக வளரும் இடமும் பெரும்பாலும் புளித்த மண்தான். மரக்கறிக்கு அந்தப் புளிப்பு ஆகாது. ஆகவே மலையில் டொலமைட்டும் அளவான அடுப்புச் சாம்பலும் உதவும். தீவிலோ மணலில் சிப்பித் தூள் கலந்திருக்கிற இடங்கள் உண்டு. அங்கே ஏற்கெனவே சுண்ணாம்பு கூட. மலையில் இருந்து வந்த உறவினர் சொன்னார் என்று இங்கே சாம்பலையும் டொலமைட்டையும் கொட்ட வேண்டாம். அன்போடு சொன்ன புத்திமதியாக இருந்தாலும் மண்ணைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

காற்றும் வாயும்

தீவின் தென்கரையில் நிற்கும் 30 பெரிய காற்றாலைகளை வரும் வழியில் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய 100 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் காற்று, ஒரு தக்காளிக் கன்றை என்ன செய்யாது? மே மாதம் தொடங்கிச் செப்டெம்பர் வரை சோளகம் அடிக்கும். கூடவே மணலும் உப்பும் வரும். மாரியில் வாடை. எனவே வீட்டின் எந்தப் பக்கம் சோளகத்துக்கு மறைவு என்று பார்க்க வேண்டும். மதில் கட்டினால் போதும் என்று நினைக்காதீர்கள். காற்று மதிலைத் தாண்டி அந்தப் பக்கம் சுழன்று விழும். கொஞ்சம் காற்றை விட்டு மீதியைத் தணிக்கும் ஓலை வேலி, கிளுவை, பூவரசு, சீமைக்கிளுவை வேலிதான் நல்லது. ஆறடி உயர வேலி ஏறக்குறைய 50 அடி வரை காற்றின் வேகத்தைக் குறைக்கும். சீமைக்கிளுவையின் இலை பாத்திக்குப் பசளையும் ஆகும்.

வேலி காற்றுக்கு மட்டுமல்ல. மன்னாரில் கழுதையும் ஆடும் மாடும் கட்டாக்காலியாகத் திரிகின்றன. மலையில் குரங்கு, பன்றி, முள்ளம்பன்றி. காட்டு ஓரத்தில் நல்ல மண் இருக்கிறதே என்று மரவள்ளியும் வற்றாளையும் வைத்தால் பன்றிக்கு விருந்து வைத்த மாதிரி. ஆள் நடமாட்டம் இருக்கும் இடம், இஸ்தோப்பில் இருந்து பார்த்தால் தெரியும் இடம், அடுப்படியிலிருந்து ஐம்பது எட்டுக்குள் இருக்கும் இடம் நல்லது. அடுப்பில் பருப்பு வேகும்போது எட்டிப் போய்ப் பறித்து வரக்கூடிய கீரைதான் பிள்ளையின் வயிற்றுக்குள் போகும். தூரத்துக் கீரை முற்றிப் பூத்துத்தான் போகும்.

மலைத் தோழர்களுக்கு முக்கியமாக ஒன்று. களைநாசினி அடிக்கிற தேயிலை மலையை ஒட்டிப் பாத்தி போட வேண்டாம். மருந்து காற்றிலும் வரும், மழைத் தண்ணீரோடும் வரும். வேறு இடமே இல்லை என்றால் மலைக்கு மேல்பக்கமாகப் பாருங்கள், நடுவில் அடர்த்தியான வேலி ஒன்றை வளருங்கள், மருந்து அடிக்கும் நாளை முன்கூட்டியே அறிவிக்கும்படி தோட்டத் தலைவர் மூலம் கேளுங்கள். அது சலுகை கேட்பதல்ல. பிள்ளை சாப்பிடும் கீரை அது.

இடமே இல்லாதவர்கள்

இவ்வளவும் கேட்டுவிட்டு, "சேர், எங்களுக்கு ஒரு காம்பரா, ஒரு இஸ்தோப்பு, முன்னால் கான். இதில் எந்த இடத்தைத் தெரிவது?" என்று கேட்கிற அம்மாமார் இங்கே இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. உடனே செய்யக்கூடியது, உரப் பையிலும் பழைய வாளியிலும் கீரை, மிளகாய், கறிவேப்பிலை வைப்பது. பை என்றால் இன்னொரு வசதி, வெயில் இருக்கும் பக்கம் தூக்கி வைக்கலாம். மருந்துப் போத்தல், மருந்துக் கேன் மட்டும் வேண்டவே வேண்டாம். எத்தனை தரம் கழுவினாலும் வேண்டாம்.

ஆனால் கேள்வியின் முழுப் பதில் உரப் பையில் இல்லை. புதிய வீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் என்றார்கள். அதைக் கணக்குப் போடுங்கள். ஒரு பேர்ச் 272 சதுர அடி. ஏழு பேர்ச்சஸ் சுமார் 1,905 சதுர அடி. வீட்டுக்கு 550 போனால் மீதி 1,355. பாதை, மலசலகூடம், குழி, சரிவைத் தாங்கும் மண்மேடு எல்லாம் கழித்தால் பாத்திக்கு எவ்வளவு மிஞ்சும் என்று ஒவ்வொரு வீட்டிலும் அளந்து பார்க்க வேண்டும். மகன் கல்யாணம் முடித்து ஒரு அறை கூட்டிக் கட்டினால் அதுவும் போய்விடும். குறைந்தது 20 பேர்ச்சஸ் காணி வேண்டும், அது உறுதியோடு வேண்டும் என்ற கோரிக்கையின் பின்னால் இருப்பது இந்தக் கணக்குத்தான். வீடு தூங்க இடம் தரும். காணி சாப்பாடும் தரும்.

உறுதி இல்லாத நிலத்தில் பாத்தி போட்டிருப்பவர்கள் ஒரு பழக்கம் வையுங்கள். எந்த வருடத்திலிருந்து செய்கிறீர்கள், எத்தனை அடி, என்ன நட்டிருக்கிறீர்கள் என்று எழுதி, தொலைபேசியில் படம் எடுத்து, திகதியோடு வையுங்கள். அந்த இடத்தை விடச் சொல்லி யாராவது வந்தால் தனியாக நின்று பேச வேண்டாம். வாய்வார்த்தைக்கு ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். எழுத்தில் கேட்டு வாங்கி, அன்றைக்கே தலைவருக்கும் மாதர் அமைப்பாளருக்கும் அறிவியுங்கள். மன்னாரில் குடியேறிய நம் குடும்பங்களில் பத்திரம் இல்லாமல் இருப்பவர்களுக்கும் இதே புத்திமதிதான்.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். "உங்களுக்குத்தான் வீட்டுத்தோட்டம் இருக்கிறதே, பிறகு ஏன் சம்பளம் கூட்டக் கேட்கிறீர்கள்?" என்று ஒரு நாள் கேட்பார்கள். நாலு பாத்தி வெண்டிக்காய் அரிசி வாங்காது, பஸ் காசு கொடுக்காது, பிள்ளையின் கொப்பி வாங்காது. மரக்கறித் தோட்டம் சம்பளத்தோடு சேர்ந்தது, சம்பளத்துக்குப் பதிலானதல்ல. இதை மறந்துவிட்டுச் செய்யும் தோட்டம் நம் தலையில் இன்னொரு வேலையாகத்தான் ஏறும்.

அடுத்த கூட்டத்துக்கு

சின்னதாகத் தொடங்குங்கள். நாலு பாத்திக்கு இடம் இருந்தாலும் முதல் வருடம் இரண்டு போதும். பாத்தியின் அகலம் இரண்டு பக்கமும் இருந்து கை எட்டும் அளவு இருக்கட்டும், உள்ளே மிதிக்கக் கூடாது. நடைபாதைக்கு ஒன்றரை அடி விடுங்கள்.

அடுத்த மாதக் கிளைக் கூட்டத்துக்கு ஒவ்வொரு குடும்பமும் ஒரு தாள் கொண்டு வர வேண்டும். வீட்டைச் சுற்றி ஒரு படம். அதில் ஐந்து விஷயம்: எத்தனை மணி வெயில், தண்ணீர் எத்தனை எட்டு, போத்தலில் மண் எப்படிப் படிந்தது, காற்று எந்தப் பக்கம், அந்த நிலம் யாருடைய பெயரில் இருக்கிறது. முதல் நான்கையும் வைத்து யாருக்கு எந்தப் பயிர் என்று கூடிப் பேசுவோம், விதையைப் பகிர்வோம். மலையிலிருந்து பீட்ரூட் விதை இங்கே வரட்டும், இங்கிருந்து முருங்கைத் தடி பதுளை, மொனராகலைப் பக்கத்துச் சூடான தோட்டங்களுக்குப் போகட்டும்.

ஐந்தாவது விஷயத்துக்குப் பலருடைய தாளில் பதில் வெறுமையாக இருக்கும். இருக்கட்டும், வெறுமையாகவே கொண்டு வாருங்கள். எத்தனை தாளில் அந்த இடம் வெறுமையாக இருக்கிறது என்று எண்ணி, அந்தக் கட்டை எடுத்துக்கொண்டுதான் காணிக் கோரிக்கையைப் பேச நாங்கள் போகப் போகிறோம்.

இப்போது கேள்விகளைக் கேளுங்கள். அம்மாமார் முதலில்.